பதினாறடி அனுமாருக்கு ஒரு பெல்லோஸ்

சாராள்: ...இத்தப் போயி பெல்லோஸ்னு வெளிய சொல்லிகினு திரியாதீங்க. கேக்கறவன் சிரிப்பான்.

நீலமேகம்: பின்ன இன்னா பேரு அதுக்கு?

சாராள்: சல்லடை.

நீலமேகம்: வாய் கீது உனக்கு. இத பாரும்மா, உனக்கு வெளங்கறாப்புல சொல்றேன். இது பெரிய கேமரா. முன்னாடி லென்சு, பின்னாடி படம் வுயற கண்ணாடி பிளேட்டு. ரெண்டுக்கும் நடுவுல இந்த மடிப்புப் பை. நீட்டலாம், மடக்கலாம். உள்ள கும்மிருட்டா இருக்கணும். ஒரு பொட்டு வெளிச்சம் பூந்தாலும் பிளேட்டு...

சாராள்: ஆர்மோனியத்துல காத்து வெளிய போவக் கூடாது. கேமராவுல வெளிச்சம் உள்ள வரக் கூடாது. பதினோரு வருசமா ரெண்டையும் மடிச்சிகினு கீறேன். எனக்கே பாடமா?

நீலமேகம்: அதில்லம்மா... பொம்பள கைல இத்தக் குடுக்கறது எனக்கு இதான் மொத தபா. மிசன் பிரஸ்ல பைபிளுக்கு அட்ட ஒட்டிகினு இருந்தவ நீ. நான் செங்கல்பட்டுல இருவத்தஞ்சி வருசமா ஸ்டூடியோ வச்சிகினு கீறவன். கை வருமா, சொல்லு.

சாராள்: வர்லன்னா எடுத்துகினு கெளம்புங்க. மெட்ராசுல ஒரு மாசம் ஆவும்னு சொன்னான்ல, அவனாண்டயே குடுங்க.

நீலமேகம்: ஒரு மாசம்னு உனக்கு எவன் சொன்னான்?

சாராள்: அவன் அப்டி சொல்லாங்காட்டி நீங்க ஏன் என் வூட்டு படி ஏறப் போறீங்க, நீலமேகம் ஸ்டூடியோகாரரே?

நீலமேகம்: ...சரி, சொல்றேன் கேளு. இன்னிக்கி செவ்வா. ஞாயித்துக்கெழம காலைல மாமல்லபுரத்துல வேல. ஜம்புலிங்க ஸ்தபதி பட்டறைல பதினாறடி அனுமாரு. சங்கிலி போட்டு நிமித்தி நிக்க வச்சிகீறாங்க. சிங்கப்பூருக்குப் போவுது. திங்கக்கெழம லாரி வந்துடும். ஞாயித்துக்கெழம வெயிலு மூஞ்சில அடிக்கற அர மணி நேரம்தான் எனக்கு. படம் ஒயுங்கா வந்தா அந்தப் பட்டறை வேல மொத்தமும் என்னாண்ட. வர்லன்னா...

சாராள்: அந்த இன்னொரு போட்டோகாரரு, கங்காதரன் அண்ணாத்தயாண்ட.

நீலமேகம்: அண்ணாத்தயா அவன்? கேமரான்னு கழுத்துல ஒரு சோப்பு டப்பாவ மாட்டிகினு திரியறான். அத்த அண்ணாந்து புடிப்பான். காலு ஆன காலாட்டம் வரும், தல சுண்டக்கா. அனுமாரு மல்லாக்க வுயறாப்புல இருப்பாரு. என் கேமரா அப்டி இல்ல. அது நேரா நிக்கும். லென்ச மட்டும் மேல தூக்குவேன். பதினாறடியும் நட்டுக்க நிக்கும். அவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்தப் படம் எடுக்க முடியாது.

சாராள்: எடுக்க வேணாம். இந்தச் சல்லடைய எடுத்துகினு நீங்க போனீங்கன்னா, அவரு கம்முனு ஓரமா குந்திகினு வேடிக்க பாத்தாலே போதும்.

நீலமேகம்: ரெண்டு ஓட்டை கீது. அதுக்கு இவ்ளோ பேச்சா?

சாராள்: ரெண்டா? அந்தக் கதவ சாத்துங்க. ஜன்னலயும். இந்தாங்க, டார்ச்ச உள்ள வுடறேன். ...பாருங்க. எண்ணுங்க. ரெண்டுன்னீங்களே.

நீலமேகம்: அட கடவுளே.

சாராள்: மடிப்பு மூலைக்கு மூல ஓட்டை. இன்னா தடவறீங்க இதுக்கு?

நீலமேகம்: தோலு காஞ்சிப் போவாம இருக்க... தேங்கா எண்ண. வாரத்துக்கு ஒரு வாட்டி. எங்க நைனா காலத்துலேர்ந்து தடவறோம்.

சாராள்: அதான் பாத்தேன்! கரப்பான் பூச்சிக்கு வாராவாரம் விருந்து வச்சிகீறீங்க. எண்ண எறங்கின எடமா பாத்து தின்னுட்டு போயிகீது. மூக்குல வச்சிப் பாருங்க, பலகாரம் சுட்ட வூடாட்டம் கமகமன்னு கீது. பின்ன ஏன் வராது அது?

நீலமேகம்: நீ ஒண்ணும் மோந்து பாக்க வேணாம். கதவத் தொற. நான் சொல்றத மட்டும் செய்யி. ரெக்சின்ல போடு. நல்லா மினுமினுன்னு, பாக்கறவன் அசந்துப் போவணும்.

சாராள்: பஸ் சீட்டா தைக்கறோம்? ரெக்சின் தடி. மடக்கினா மடங்காது, மொறச்சிகினு நிக்கும். வெயில்ல எளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அனுமாருக்கு முன்னாடி நின்னுகினு, பிரிக்கறதுக்கு நீங்க ஒரு பக்கம் ஸ்தபதி ஒரு பக்கம் இழுக்க வேண்டியதுதான்.

நீலமேகம்: அப்ப ஆட்டுத் தோலு. சீமையிலேர்ந்து வரும்போது தோலுதான் போட்டு வந்துது.

சாராள்: சீமைல கடக்கரை மணல்ல நின்னா படம் எடுத்தான்? ஒங்க ஸ்டூடியோ ஏரிக்கரை ஓரம், வேல மாமல்லபுரத்துல உப்புக் காத்துல. தோலு பூஞ்சக்காளான் பூக்கும். நீங்க ஒடனே எண்ணக் கிண்ணத்தோட வந்துடுவீங்க. வோணாம். துணிதான் போடுவேன்.

நீலமேகம்: துணியா? கொட துணியா?

சாராள்: கொட துணியேதான். வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. நடுவுல சைக்கிள் பஞ்சருக்குப் போடற சொல்யூசன். மடிப்புக்கு மடிப்பு அட்டப் பட்ட. உள்ள மையிருட்டுக் கறுப்பு. மழ பேஞ்சாலும் சரி, உப்புக் காத்து அடிச்சாலும் சரி, ஒண்ணும் ஆவாது. கரப்பான் வந்தா மோந்து பாத்துட்டு அடுத்த வூட்டுக்குப் பூடும்.

நீலமேகம்: இருவத்தஞ்சி வருச ஸ்டூடியோவுல கொட துணி கேமரா. கங்காதரன் கேட்டா மேளம் அடிப்பான்.

சாராள்: அடிக்கட்டும். அப்பால, இந்த உருவம் ஆவாது.

நீலமேகம்: எந்த உருவம்?

சாராள்: கூம்பு. பின்னாடி அகலம், முன்னாடி குறுகல். இத்த இப்டியே போட்டீங்கன்னா அனுமாருக்குத் தல இருக்காது.

நீலமேகம்: ஏய், வாய அலம்பு மொதல்ல. சாமிய...

சாராள்: நான் சாமிய சொல்லல, ஒங்க படத்த சொல்றேன். லென்ச மேல தூக்குவேன்னீங்கல்ல? தூக்கினா இந்தக் கூம்பு எங்க போவும்? இதோ பாருங்க, தூக்கறேன். மடிப்பு உள்பக்கமா வந்து குறுக்க நிக்குதா? லென்சுலேர்ந்து பிளேட்டுக்குப் போற வழிய மறைக்குதா? அந்த மூலைல ஒண்ணும் வுயாது. கறுப்பா ஒரு வெட்டு. ஏற்கெனவே உயரமானத எதனா எடுத்துகீறீங்களா?

நீலமேகம்: ...திருக்கழுக்குன்றம் தேர்.

சாராள்: தேரு உச்சி வந்துச்சா?

நீலமேகம்: மேகம் மறச்சிடுச்சி.

சாராள்: மேகமா? தேருக்கு மேல கறுப்பா, வளைவா, ரெண்டு பக்கமும் மூலையில...

நீலமேகம்: மேகம்னு சொல்லிதான் குடுத்தேன். தர்மகர்த்தா நல்லாகீதுன்னு சொல்லி மாட்டி வச்சிகீறாரு. உனக்கு இன்னா இப்ப?

சாராள்: எனக்கு ஒண்ணும் இல்ல. வெளிச்சம் பூந்தா வேற எதோ, வெளிச்சம் மறஞ்சா மேகம். பெல்லோஸ தவுர எல்லாத்து மேலயும் பழி போட்டுகீறீங்க. நல்ல தொயிலு.

நீலமேகம்: அப்ப எப்டிதான் போடணும்?

சாராள்: சதுரம். முன்னாடியும் பின்னாடியும் ஒரே அகலம். முன்சட்டம் பெருசாக்கணும், ஆசாரியாண்ட நானே சொல்லிக்கறேன். லென்ச எவ்ளோ தூக்கினாலும் மடிப்பு குறுக்க வராது. எவ்ளோ நீளம் வோணும்?

நீலமேகம்: மூணடி போடு. கெத்தா இருக்கும்.

சாராள்: தூரத்துல நிக்கற அனுமாருக்கு லென்சு ஒரு அடி நீண்டாலே ஜாஸ்தி. மிச்ச ரெண்டடி நடுவுல தொங்கிகினு பாதி படத்த முழுங்கும். கெத்து வோணும்னா மீசைய நீட்டுங்க. ஒண்ணர அடி போடறேன்.

நீலமேகம்: உங்க வூட்டுக்காரரு உன்ன எப்டிதான் வச்சிகினு...

சாராள்: அவர வுடுங்க. இந்த மூல மடிப்புல உள்பக்கமா ஒரு ஒட்டு கீதே. காலண்டர் தாளாட்டம். இது எப்ப போட்டது?

நீலமேகம்: அது... போன வருசமா இருக்கும். ஏன்?

சாராள்: சொம்மா கேட்டேன். சனிக்கெழம மூணு மணிக்கி வாங்க.

* * *

நீலமேகம்: ...டார்ச்ச இன்னும் கொஞ்சம் திருப்பு. கீய் மடிப்பு.

சாராள்: கீயயும் பாருங்க. மேலயும் பாருங்க. நாலு மூலையும் பாருங்க.

நீலமேகம்: ஒண்ணும் தெர்லயே.

சாராள்: தெரியக் கூடாதுன்னுதான் போட்டது.

நீலமேகம்: பரவால்ல. சுமாரா வந்துகீது.

சாராள்: சுமாரா.

நீலமேகம்: சரிம்மா, நல்லா வந்துகீது. போதுமா? நாலு நாள்ல செஞ்சிட்ட, இல்லன்னு சொல்லல. மடிப்பு தண்ணியாட்டம் மடங்குது. குடு இப்டி. நாலர மணி பஸ்ச வுட்டா திருக்கழுக்குன்றத்துல மாறி நான் போய் சேர இருட்டிடும். ஸ்தபதியாண்ட இன்னிக்கே எடம் பாத்து ஸ்டாண்ட வைக்கணும்.

சாராள்: குந்துங்க. பஸ் வர இன்னும் நேரம் கீது.

நீலமேகம்: குந்தறதுக்கு நேரமில்ல.

சாராள்: அப்ப நின்னுகினே கேளுங்க. பழைய பெல்லோஸ பிரிச்சேன். அந்தக் காலண்டர் ஒட்ட தண்ணில ஊற வச்சி எடுத்தேன். இதோ. அறுவத்தொண்ணு, சூன் ரெண்டு.

நீலமேகம்: பழைய காலண்டரு கெடந்துகினு இருந்துது, அத்தக் கிழிச்சி ஒட்டியிருப்பேன். இதெல்லாம் ஒரு பேச்சா?

சாராள்: தாளு பழசா இருக்கலாம். பசையும் பழசா? போன வருச மைதாப் பசை நெகத்தால கீறினா தோலாட்டம் உரியும். இது கண்ணாடியாட்டம் நொறுங்கிச்சி. பைண்டிங்காரியாண்ட பசையோட வயச மறைக்கப் பாக்காதீங்க. இது பதிமூணு வருசப் பசை.

நீலமேகம்: ஆமாம்மா, பதிமூணு வருசம்தான். இருந்துட்டு போவட்டும். அதுக்கு இப்ப இன்னா?

சாராள்: அறுவத்தொண்ணு மே மாசம் கடேசி ஞாயித்துக்கெழம செய்யூருக்கு வந்தீங்க. சர்ச்சு வாசல்ல ஒரு கல்யாணம். மாப்ள பேரு ஏசுபாதம். இந்தக் கேமராவ மூணு காலுல நிறுத்தி, கறுப்புத் துணிய தலைல போட்டுகினு, ஆடாதீங்க ஆடாதீங்கன்னு கத்தினீங்க. ஒரே ஒரு பிளேட்டு.

நீலமேகம்: எவ்ளவோ கல்யாணம் எடுத்தேன். எல்லாம் நெனப்பு இருக்குமா?

சாராள்: பொண்ணு பேரு சாராள். ஒரு வாரம் கழிச்சி மாப்ள படம் வாங்க வந்தாரு. இன்னா சொல்லி அனுப்பினீங்க?

நீலமேகம்: எனக்கு நெனப்பு இல்லம்மா.

சாராள்: எனக்கு கீது. ‘பொண்ணு ரொம்ப கறுப்பு, மூஞ்சி படத்துல எறங்கல, அட்வான்ச எடுத்துகினு போ’ன்னு சொன்னீங்க. அவரு வந்து வூட்டுல சொன்னாரு. எங்க மாமியா தெருவுக்கே சொன்னாங்க. பதிமூணு வருசமா எவனாவது வந்து கல்யாண போட்டோ எங்கன்னு கேட்டா அவரு ஒரே பதில்தான் சொல்லுவாரு. ‘என் பொண்டாட்டி மூஞ்சிய கேமராவே வோணாம்னுடுச்சிபா.’ கேட்டவன் சிரிப்பான். நான் காபி குடுத்துகினு நிப்பேன்.

நீலமேகம்: ஆம்பள வெளையாட்டுக்கு சொல்றதுதான்...

சாராள்: வெளையாட்டு. சரி. பிரஸ்ல அத்தினி பேரும் வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்க. நான் பசை காய்ச்சணும்னு உள்ள பூட்டேன். என் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு எடுத்த படத்துல அவள எங்க நாத்தனாரு வச்சிகினு நிக்குது. பெத்தவ நான், மரத்தாண்ட நிக்கறேன். எங்க நான் நின்னா படம் வீணாப் பூடுமோன்னு. இதுவும் வெளையாட்டா?

நீலமேகம்: நீயா போயி மரத்தாண்ட நின்னா அதுக்கு நானா பொறுப்பு?

சாராள்: மெட்ராசு ஸ்டூடியோகாரன் ஒருத்தன் கிழிஞ்ச பெல்லோஸ பிரஸ்சுக்கு எடுத்துகினு வந்தான். யாரும் தொடல. நான்தான் குடுங்கன்னு வாங்கினேன். ஏன் தெரியுமா? என் மூஞ்சிய வோணாம்னு சொல்ற அளவுக்கு அந்தப் பொட்டிக்குள்ள இன்னாதான் கீதுன்னு பாக்கணும்னு. பாத்தேன். ஒண்ணும் இல்ல. வெறும் இருட்டு.

நீலமேகம்: சரி. ஓட்டை இருந்துது. அப்ப எனக்கே தெரியாது. கழுவினதுக்கு அப்பாலதான் தெரிஞ்சிது. உடனே ஒட்டு போட்டேன். தப்புதான். ஆச்சா? பெல்லோஸ குடு, பஸ்சு பூடும்.

சாராள்: ஓட்டை இருந்துதுன்னு நீங்க சொல்லணுமா? என் வெரலு பூந்து வந்துச்சி அதுல. நான் கேக்கறது வேற.

நீலமேகம்: இன்னும் இன்னா?

சாராள்: வெளிச்சத்துக்கு கறுப்பு செவப்பு தெரியுமா? பூந்தா எல்லாத்தையும்தான வெளுக்கும்? அவரும் நானும் ஒட்டிகினு நின்னோம். அவரு என்ன வுட ஒரு கை ஜாஸ்தி கறுப்பு. அவரு கறுப்பு எறங்குமாம், என் கறுப்பு எறங்காதாம். அது எப்டி? என்ன மட்டும் ஏன் சொன்னீங்க?

நீலமேகம்: வாய்ல வந்துது, சொல்லிட்டேன்.

சாராள்: வாய்ல வர்றதுக்கு ஆயிரம் கீது. ஆடிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். பிளேட்டு ஒடஞ்சி பூட்ச்சின்னு சொல்லியிருக்கலாம். மேகம்னாவது சொல்லியிருக்கலாம், அதுல நீங்க கைதேர்ந்த ஆளு.

நீலமேகம்: ஏய்... அந்தக் கத்திய எதுக்கு எடுக்கற? சாராளு! பெல்லோஸ் மேலேர்ந்து கையெடு.

சாராள்: பேரு வந்துடுச்சே வாயில. நாலு நாள் வேல. ராப்பகலா என் கையால மடிச்சது. கீறினா ஒங்கள வுட எனக்குதான் ஜாஸ்தி வலிக்கும். ஆனா கீறிடுவேன்.

நீலமேகம்: பைத்தியமா உனக்கு? நாளைக்கி காலைல அனுமாரு... திங்கக்கெழம லாரி... கங்காதரன் சோப்பு டப்பாவோட வந்து நிப்பான்மா!

சாராள்: நிப்பாரு. நல்லா எடுப்பாரு. காலு ஆனக் காலு, தல சுண்டக்கா. அதுவாவது தலன்னு ஒண்ணு இருக்கும்.

நீலமேகம்: கேட்டா உனக்கு இன்னும் கோவம்தான் வரும்.

சாராள்: இதுக்கு மேல வர எடம் இல்ல. சொல்லுங்க. அந்தப் படத்துல என் மூஞ்சி வெள்ளையா வந்துச்சா, கறுப்பா வந்துச்சா? அத்த மட்டும் சொல்லிட்டு எடுத்துகினு போங்க.

நீலமேகம்: உன் மூஞ்சி அப்டியே வந்துதும்மா. தோடு, மூக்குத்தி, தலைல வச்ச பூவு, நீ சிரிச்ச சிரிப்பு வரைக்கும் சுத்தமா வுயுந்துது. வெளிச்சம் தின்னது மாப்ள தலைய. கழுத்துக்கு மேல ஆளே இல்ல. அவன்தான் டப்பு குடுத்தவன், அவன் கைலயே தலையில்லாத மாப்ளைய எப்டி குடுப்பேன்? பொண்ண மட்டும் வெட்டிக் குடுத்தா வுடுவானா? அதான்... பொண்ணு கறுப்புன்னு சொல்லிட்டேன். அப்டி சொன்னா எவனும் படத்தக் காட்டுன்னு கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். அவன் கேக்கல. அவன் ஆத்தா கேக்கல. நீயும்தான் இத்தினி வருசமா வந்து கேக்கல.